அணு உலைக்குப் போன வளையம்

உலை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றி, அது தளதளவென்று கொதித்ததும் அரிசியைக் களைந்து போடுவது. அதனால் "நம்ம கம்பெனிக்கு அணு உலை ஆர்டர் வந்திருக்கு" என்று முதலாளி சொன்னபோது, ஊரில் புதுசாக ஒரு குக்கர் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏறக்குறைய ஒரு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் சிரிப்பார்களே என்று யாரிடமும் கேட்கவில்லை.

கம்பெனி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டு. உள்ளே நான்கு லேத்து மெஷின், ஒரு டிரில்லிங் மெஷின், ஓரமாகப் பெண்களுக்கு ஒரு நீள மேசை. லேத்தில் கடைந்து வருகிற இரும்புச் சாமானின் ஓரத்தில் பிசிறு நிற்கும். சின்னதாக இருந்தாலும் கையைக் கிழித்துவிடும். அதை அரத்தால் ராவி, எண்ணெய் போகத் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவி, அளவு பார்க்கிற கேஜில் நுழைத்துப் பார்த்துத் தட்டில் அடுக்குவது எங்கள் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் விரல் பத்திலும் கீறல். போகப்போக விரல் பழகிவிட்டது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாலும் பிசிறு எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். வாயால் சொல்வதுதான் எனக்கு வராது.

என் வீடு நூம்பலில். வீட்டுக்காரருக்குச் செம்பரம்பாக்கம் பக்கம் குத்தகை நிலம் இருந்தது. அது மனையாகிப் போன பிறகு அவர் கட்டட வேலைக்குப் போனார். பிறகு அவரும் இல்லாமல் போனார். மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்திருந்தேன், இரண்டாம் வருஷம். காலையில் வேலப்பன்சாவடிக்கு நடந்து வந்து பஸ் பிடித்து எஸ்டேட்டுக்குப் போவேன், சாயங்காலம் திரும்புவேன். அந்த ஆர்டர் வரும்வரைக்கும் முதலாளியிடம் நேராக நின்று நான் பேசியதே கிடையாது. லீவு வேண்டுமென்றாலும் அக்காதான் கேட்டு வாங்கித் தருவாள்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என் பக்கத்து நாற்காலிக்காரி. அவள் வீட்டுக்காரர் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். சொந்த ஊர் தெற்கே, திருநெல்வேலியும் தாண்டிக் கடலோரம். அவள் பேச்சு முதல் இரண்டு மாதம் எனக்குப் புரியவே இல்லை. என் பேச்சு அவளுக்கு அதற்கு மேல். "என்னட்டி இது, கீது கீதுங்க? கீதுன்னா என்ன, கீரையா?" என்பாள். வீட்டில் சும்மா இருந்தால் வாய் புளித்துப் போகும் என்று வேலைக்கு வந்தவள் அவள். வாய் புளிக்க அவள் இடம் கொடுத்ததே இல்லை.

அது கரண்ட் இல்லாத காலம். இப்போது உள்ளவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். இத்தனை மணிக்குப் போகும், இத்தனை மணிக்கு வரும் என்று ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத நேரத்திலும் போகும். வாரத்தில் ஒரு நாள் முழுக்கக் கிடையாது. அதற்குப் பவர் ஹாலிடே என்று பெயர். பெயரைக் கேட்டால் எல்லாரும் பீச்சுக்குப் போகிற மாதிரி இருக்கும். நாங்கள் போனதெல்லாம் ஷெட்டு வாசலில் கிடந்த மரப்பலகை அடுக்குக்குத்தான். அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எதிர்ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். எதிர்ஷெட்டு ஆட்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கரண்ட் போனால் முதலில் போவது சத்தம். நான்கு லேத்தும் ஒரே நேரத்தில் முனகி முனகி அடங்கும். பிறகு தெருவில் போகிற சைக்கிள் மணிகூடக் கேட்கும். ஒவ்வொரு மாதமும் எங்கள் தெருவில் ஏதாவது ஒரு ஷெட்டின் ஷட்டர் இறங்கி, பிறகு ஏறாமலே நிற்கும். பிளாஸ்டிக் மூடி செய்கிற ஷெட்டு போயிற்று. அட்டைப்பெட்டி ஷெட்டு போயிற்று. பத்து மணிக்கு வடை போடுகிற டீக்கடைக்காரர் வடையை நிறுத்தினார், அப்புறம் கடையையே நிறுத்தினார். எங்களோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த பெண்களில் பாதிப் பேரைக் காணோம். யாரோ ஒருத்தி வளசரவாக்கத்தில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள் என்றார்கள். நாட்டின் பொருளாதாரம் என்று டிவியில் சொல்கிறார்களே, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க எனக்கு அந்த பஸ்ஸே போதும். உட்கார இடம் கிடைத்தால் இறங்குகிறது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில்தான் அந்த ஆர்டர் வந்தது. முதலாளி எங்கள் எல்லாரையும் மெஷின் பக்கம் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்.

"பம்பு செய்யற பெரிய கம்பெனி ஒண்ணு நமக்கு வளையம் கடையக் குடுத்திருக்கு. அணு உலைக்குப் போற சாமான். சுத்தமா இருக்கணும். இது நல்லபடியா போச்சுன்னா தொடர்ந்து குடுப்பாங்க. இதுவும் கைய விட்டுப் போச்சுன்னா..." என்று நிறுத்தி, ஷட்டரைப் பார்த்தார். எல்லாரும் ஷட்டரைப் பார்த்தோம். எனக்கு மகளின் வெள்ளை யூனிபார்ம்தான் ஞாபகம் வந்தது.

எப்போதும் எதற்காவது ஒரு பதில் வைத்திருக்கிற அக்கா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மேசைக்குத் திரும்பி வந்து துணியை எடுத்து, துடைத்த சாமானையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைவலி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வளையம் கையகலம் இருக்கும். எவர்சில்வர் மாதிரிப் பளபளவென்று இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் பொருந்திப் போயிற்று. உலை, வளையம், தண்ணீர், பம்பு. குக்கர் மூடியில் கறுப்பு ரப்பர் போடுகிறோம் அல்லவா, அதற்குப் பதிலாகப் பெரிய குக்கரில் இரும்பு வளையம் போடுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் வைப்பார்களே, அந்த மாதிரிப் பெரிய குக்கர். அணு என்பது கம்பெனியின் பெயராக இருக்கும். வீட்டுக்குப் போய் மகளிடம்கூட, "புதுக் குக்கருக்கு ரிங்கு பண்றோம்" என்றேன். அவள் படித்துக்கொண்டே "ம்" என்றாள்.

குக்கர் என்றால் எனக்குப் பயம் உண்டு. ரப்பர் தேய்ந்துபோன ஒரு பழைய குக்கர், மூடி ஓரமாக ஆவியைப் பீய்ச்சி என் இடது முழங்கைக்குக் கீழே வேகவைத்துவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால் அந்த வளையங்களை நான் ரொம்பக் கவனமாகத் தடவுவேன்.

ஆர்டரின் கடைசித் தட்டுக்கான வளையங்கள் லேத்தில் ஏறியிருந்த நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் வந்து வந்து போனது. எங்கள் போர்மேன் அண்ணன்தான் வளையத்தின் உள்பக்கத்தைக் கடைந்துகொண்டிருந்தார். அவர் பூந்தமல்லிக்காரர். கை சுத்தமான ஆள், வாய் மட்டும் நிற்காது. கடைகிற டூல் பாதி வழியில் இருக்கும்போது மெஷின் நின்றுபோகும். அவர் கரண்டைத் திட்டுவார், கரண்டின் தாயாரைத் திட்டுவார், திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து கடைந்து முடிப்பார். அப்படி ஏழெட்டுத் தடவை ஆயிற்று.

மறுநாள் காலையில் அந்தத் தட்டு என் மேசைக்கு வந்தது. மூன்றாவது வளையத்தைத் தடவும்போது விரல் நின்றது. கழுவின தட்டில் தலைமுடி ஒட்டியிருந்தால் விரலுக்கு எப்படித் தெரியும், அப்படி ஒரு கோடு. கண்ணுக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், தெரியவில்லை. கேஜில் நுழைத்தேன், சரியாக நுழைந்தது. மறுபடி தடவினேன். தட்டியது. தட்டு முழுவதையும் தடவி முடித்தபோது ஏழு வளையம் தனியாக நின்றது.

போர்மேன் அண்ணன் அந்தப் பக்கம் வந்தபோது ஏழையும் அவர் முன்னால் நகர்த்தினேன்.

"இன்னாமா?"

"தட்டுதுண்ணா."

அவர் ஒன்றை எடுத்துக் கேஜில் போட்டார். "கேஜ் ஓகே சொல்து. நீ இன்னா, நாட் ஓகே சொல்றியா? கேஜுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சுட்ச்சா? வுடுமா. நாளைக்கு இன்ஸ்பெக்ஷன் வர்றாங்கோ. ஓனரு ஏற்கெனவே பிபி ஏறிகினு கீறாரு."

ஏழையும் தட்டில் திரும்பப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் கை கடைந்தது. அவருக்கும் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். நானும் அதோடு விட்டிருக்கலாம். ஆர்டர் போய்விடும், ஷட்டர் நிற்கும், மகள் படிப்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வேறு சாமான் இருந்த தட்டை எடுத்தேன். ஆனால் விரலில் அந்தக் கோடு ஒட்டிக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் வாசல் பலகைமேல் உட்கார்ந்திருந்தோம்.

"என்னட்டி, சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருக்க? பிசைஞ்சா கறியா மாறிருமா?" என்றாள் அக்கா.

"ஏழு வளையம் தட்டுதுக்கா. அண்ணாகிட்ட சொன்னேன், வுடுன்ட்டாரு."

"கேஜுல?"

"கேஜுல போவுது. வெரலுக்குத் தட்டுது. அத்த மூடில மாட்னா ஆவி வெளிய பீச்சும்கா. எவ கையாவது வெந்துடும்."

"எந்த மூடியில?"

"அந்தக் குக்கர் மூடிலதான்."

"எந்தக் குக்கரு?"

"அதான்கா, அணு உலை."

அக்காவுக்குப் புரை ஏறிவிட்டது. சோற்றுப் பருக்கை மூக்கு வழியாக வருகிற அளவுக்குச் சிரித்தாள். நான் தண்ணீர் கொடுத்து, தலையில் தட்டி, ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவோ சொல்ல வந்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டாள். டப்பாவை மூடினாள்.

"எங்க அண்ணன் வீடு அந்த உலைக்குப் பக்கத்துலதாம்ட்டி இருக்கு. மாடியில நின்னா தெரியும். கடலுக்குப் போறவன் அவன். அவன் பொண்டாட்டி, பிள்ளைங்க எல்லாம் அங்கனதான்."

"உங்க அண்ணிகிட்டயும் அந்தக் குக்கரு கீதாக்கா?"

அக்கா டப்பாவைப் பைக்குள் தள்ளினாள். "ஆமா. ஊருக்கே ஒரே குக்கரு. நீ எந்திரி. போயி மொதலாளிகிட்ட சொல்லு."

"நானா? நீ சொல்லுக்கா."

"நான் தெனமும் கத்துதவ. நான் போனா, இன்னைக்கு எதுக்கோ சண்டைக்கு வந்துட்டான்னு நெனைப்பாரு. வெரலும் உன் வெரலு. நீ வாயத் தொறந்தா அந்த மனுசன் பயந்தே கேப்பாரு. போ."

முதலாளியின் அறை என்பது ஒரு பலகைத் தடுப்பு. அதன் வாசலில் போய் நின்றேன். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவராகத் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்ததும் நிஜமாகவே பயந்துவிட்டார்.

"என்னம்மா? யாருக்கு என்ன ஆச்சு?"

"சார்... தட்டுது."

"யாரு? கதவையா?"

"இல்ல சார். வளையம். உள்ளார தட்டுது. ஏழு. ஆவி அடிக்கும் சார். சமைக்கிற பொம்பள கையி வெந்துடும்." சொல்லிவிட்டு, வேறென்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையை ஒதுக்கி என் தழும்பைக் காட்டினேன்.

பின்னால் போர்மேன் அண்ணன் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சமைக்கிற பொம்பளையா? சார், யம்மா அணு உலைய குக்கருன்னு நெனச்சிகினு கீது! எத்தினி லிட்டருமா? மூணா, அஞ்சா? விசிலு எத்தினி வுடும்?"

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் முதலாளி சிரிக்கவில்லை. "எடுத்துட்டு வாங்க" என்றார். ஒரு வளையத்தை வாங்கித் துணியால் துடைத்து, சுண்டுவிரல் நகத்தை உள்பக்கத்தில் வைத்து மெதுவாகச் சுற்றினார். பாதிச் சுற்றில் நகம் நின்றது. வளையத்தைப் போர்மேன் அண்ணனிடம் நீட்டினார். அவரும் நகத்தை வைத்துச் சுற்றினார். சிரிப்பு நின்றது.

"நேத்து கரண்ட் கட்டாச்சே சார். அப்போ டூலு நின்ன எடம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "பாருய்யா. இந்தச் சாமான் எங்க போகுது? கரண்ட் எடுக்கற எடத்துக்கு. இதைக் கெடுத்தது எது? கரண்ட் இல்லாதது. அது வந்தாத்தான் இத நல்லா செய்ய முடியும், இத நல்லா செஞ்சாத்தான் அது வரும். எங்க போய் முட்டிக்கறது?"

அணு உலைக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஏதோ பெரிய தப்பாகப் பேசிவிட்டேன் என்பது மட்டும் விளங்கியது. முதலாளி எழுந்து ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேப்ப மரத்தடியில் நின்று ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்து, "நாளைக்கு வந்து பாத்துட்டு முடிவு சொல்றேங்கறாங்க. ஏழையும் தனியா வைங்க. மறைக்க வேண்டாம்" என்றார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார மனசில்லாமல் நின்றுகொண்டே வந்தேன். பேசாமல் இருந்திருந்தால் ஷெட்டாவது பிழைத்திருக்குமே என்று நூம்பல் வரைக்கும் அதே நினைப்பு.

மறுநாள் பம்பு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். நான் எண்ணெய் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் ஏழு வளையத்தையும் பார்த்தார். பிறகு மீதி வளையம் அத்தனையையும் ஒவ்வொன்றாக நகத்தால் பார்த்தார். அதற்குள் இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது.

"இந்த ஏழைத் தவிர எல்லாம் சரி" என்றார் கடைசியில். "ஏழையும் புதுசா செஞ்சு குடுங்க. டைம் தர்றேன். சொல்லாம உள்ள கலந்து அனுப்பியிருந்தீங்கன்னா, இதுதான் உங்களுக்குக் கடைசி ஆர்டரா இருந்திருக்கும். ஆமா, கேஜுல போற கோட்டை யாரு கண்டுபிடிச்சது?"

போர்மேன் அண்ணனே டிரம் பக்கம் கையைக் காட்டினார். "அந்த யம்மாதான் சார். அணு குக்கரு யம்மா."

கதை முழுவதையும் அவரே சொன்னார், விசில் வரைக்கும். வந்தவர் சிரிப்பார் என்று முகத்தை மூடிக்கொண்டேன். அவர் சாக்பீஸ் கேட்டு வாங்கி, ஷெட்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு பானையை வரைந்தார். சோற்றுப் பானைதான். பானைக்கு மேல் ஒரு குழாய். குழாய் முனையில் ஒரு சக்கரம்.

"இங்க வாங்கம்மா. நீங்க சொன்னதுல பாதி சரிதான். இதுவும் உலைதான். உள்ள இருக்கறதும் தண்ணிதான். விறகுக்குப் பதிலா அணுவோட சூடு. தண்ணி ஆவியாகுது, ஆவி இந்தச் சக்கரத்தைச் சுத்துது, சக்கரம் சுத்தினா கரண்ட். அந்தக் கரண்ட் கம்பியில வந்து உங்க லேத்தைச் சுத்துது. உங்க வளையம் உலைக்குள்ள போறதில்ல. வெளிய, இந்தப் பக்கம் தண்ணி ஓட்டற பம்புல உக்காரும். அதுக்காக, கசிஞ்சாப் பரவாயில்லன்னு விட முடியுமா?"

நான் அந்தப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு படித்தவர்கள், இவ்வளவு பெரிய கட்டடம் கட்டி, கடைசியில் தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கிறார்களா! எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அதுவரைக்கும் நாடு, மின்சாரம், விஞ்ஞானம் என்பதெல்லாம் நம் வாசல் வழியாகப் போகாத பஸ் என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. லேத்து ஓடும்போது கரண்ட் போனால், அந்தச் சாமான்மேல் போர்மேன் அண்ணன் சாக்பீஸால் ஒரு பானை போட்டுவிடுவார். பானை போட்ட சாமான் கேஜுக்குப் பிறகு என் கைக்கு வர வேண்டும். "யம்மா, வெரலு பாஸ் போடு" என்பார். வெரலு பாஸ் என்றே அதற்குப் பெயராகிவிட்டது. பின்னால் வந்த பெண்களுக்கு ஏன் பானை என்று தெரியாது. ஆனாலும் பானையைப் பார்த்தால் விரலை வைப்பார்கள்.

ஆர்டர் தொடர்ந்து வந்தது. கரண்ட் போவதும் மெல்ல மெல்லக் குறைந்தது. எந்த நாளில் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் அக்காதான், "ஏட்டி, நாம பலகையில உக்காந்து எத்தன நாளாச்சு?" என்றாள். எண்ணிப் பார்த்தால் ஞாபகம் இல்லை. நல்ல காலம் அப்படித்தான் போலிருக்கிறது. வந்தது தெரியாது. எதிர்ஷெட்டின் ஷட்டர் ஏறியது. மூலைக்கு மூலை டீக்கடை வந்தது. பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு சந்தோஷமாகப் போனேன். கரையான்சாவடியில் எங்கள் தெருப்பெண் ஒருத்தி இரண்டு கரண்ட் தையல் மெஷின் வாங்கிப் போட்டாள். நூம்பலில் மாடி வீடுகள் எழும்பின. என் மகள் படிப்பை முடித்தாள். இப்போது ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்கிற வார்டில் இருக்கிறாள். அந்தப் பெட்டிக்குள் வருகிற சூடும் கரண்ட்தான்.

எல்லாம் அணுவால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நிலக்கரி, காற்றாடி, வெயில், அணை எல்லாமே ஒரே கம்பியில் கலந்து வருகிறதாம். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது செம்பரம்பாக்கம் தண்ணீரா வேறு ஏரித் தண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியுமா? அதுபோலத்தான். மழை இல்லாவிட்டாலும் காற்று இல்லாவிட்டாலும் அணு உலைச் சூடு அதுபாட்டுக்கு இருக்கும் என்று அந்தக் கண்ணாடிக்காரர் ஒருமுறை சொன்னார். அதிலும் எங்கள் விரல் பட்ட வளையம் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். கரண்ட் பெருகினால் நாடு வளருமா, நாடு வளர்வதால்தான் கரண்ட் பெருகுகிறதா என்று. எங்கள் முதலாளி அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டதும் இதைத்தானே. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: உலை கொதித்தால்தான் அரிசியைப் போடுவோம். ஆனால் வீட்டில் அரிசி இருந்தால்தான் உலையையே வைப்போம். இதில் எது முந்தி என்று சமைக்கிறவள் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டாள். இரண்டையும் பார்த்துக்கொள்வாள். அந்த நான்கு பேரிடம் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்த ஆர்டர் வந்த அன்று அக்கா ஏன் பேசாமல் இருந்தாள் என்பதைப் பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள். அவள் ஊரில் அந்த உலையை நினைத்துப் பயந்தவர்கள் நிறைய. அவள் அண்ணனும் பயந்தவன்தான். மீன் என்னாகும், கடல் என்னாகும், ஏதாவது நடந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது என்று. "அவங்க பயம் பொய்யில்லட்டி. நீங்க இங்கன வெளக்கப் போடுதீக. அவங்க அந்த உலைக்குப் பக்கத்துலயே படுத்து ஒறங்குதாங்க" என்றாள். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. எங்கள் ஷெட்டில் லேத்து சுற்றியதற்கு நான் யாருக்கெல்லாம் நன்றி சொல்கிறேனோ, அதில் அந்த ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. குக்கர் ரப்பருக்கே இத்தனை பயப்படுகிறவள் நான். அவர்கள் பயத்தை எப்படிச் சின்னது என்று சொல்வேன்? என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பானை போட்ட வளையம் வந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகத் தடவினேன். விரல் மரத்துப்போய் வேலையை விடுகிற வரைக்கும் அப்படித்தான் செய்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் ரிட்டையரானதும் அவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்கே போய்விட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெரு. முதலாளியிடம் நேராக நின்று பேசியதே கிடையாது என்றேனே, அன்றைக்கு முதல் தடவையாகப் பேச என்னைத் தள்ளிவிட்டவள் அவள். அவளிடம் நேராக ஒரு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. பஸ் கிளம்பும்போது ஒரு டப்பாவில் புளிசாதம் கொடுத்தேன். "என்னட்டி, குக்கர்ல வச்சியா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் அக்காவிடமிருந்து ஃபோன் வரும். நான் அதற்குள் அடுப்பில் பானையை வைத்திருப்பேன். வேறு யாராவது என்றால் உடம்பு எப்படி என்று ஆரம்பிப்பார்கள். அவள் அப்படி இல்லை.

"ஏட்டி, உங்க உலை கொதிக்கா?"

"இப்பதான்கா வச்சேன். உங்க ஊரு உலை?"

"அது பாட்டுக்குக் கெடக்கு."

"அண்ணன்?"

"விடியக்காலம் கடலுக்குப் போனான். இப்பதான் வந்து குளிச்சுக்கிட்டு இருக்கான். இன்னைக்கு நெத்திலி."

அதைக் கேட்ட பிறகுதான் நான் அரிசியைக் களைவேன்.